பதினைந்தைப் பிடிக்கலாம்

கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்கவேண்டும்,
இரண்டு அடித்தால் போகலாம்.
இறங்குவது யார், எதற்கு,
இடுப்பில் குழந்தையா தோளில் கேஸ் அடுப்பா,
விசிலுக்குள் ஒன்றும் எழுதியிருக்காது.
எண்ணிக்கைதான் செய்தி.

வேளச்சேரி தண்ணீர் லாரி ஆபீஸில்
இரவு ஷிப்டில் உட்கார்ந்து
இதைத்தான் ஒரு ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பகலில் வந்த பதிவுகளை அடுக்கி
எந்த லாரி, எந்தத் தெரு, எத்தனை லிட்டர் என்று
விடியுமுன் எழுதி முடிப்பது அதன் வேலை.
போன வாரம் ருக்மாங்கதன் சார்
சர்வர் ஆமையாய் ஊர்கிறதென்று
கில் மைனஸ் நைன் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.
நங்கநல்லூரில் ஒரு பெயர்
"வேத" என்று நின்றுவிட்டது.
வேதவல்லியா, வேதமுத்துவா?
தெருமுனையில் ஹாரன் அடித்து அடித்து
ஒன்பதாயிரம் லிட்டரோடு திரும்பி வந்தது வண்டி.
போனில் அந்தம்மா திட்டியதில்தான்
முழுப்பெயர் தெரிந்தது.

ஒன்பதைப் பிடிக்க முடியாது.
எந்த மொழியில் எழுதினாலும் முடியாது.
கெர்னல் அதை ஸ்கிரிப்டிடம் சொல்வதுகூட இல்லை;
இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

பதினைந்தைப் பிடிக்கலாம்.
பதினைந்து மரியாதை தெரிந்த எண்.
வாசலில் நின்று "கிளம்பலாமா?" என்று கேட்கும்.
கையில் இருப்பதை முடித்துவிட்டு வர
கொஞ்சம் நேரம் தரும்.

ஆகவே எழுதினேன்:
பதினைந்து வந்தால் ஒரு கொடியை மட்டும் ஏற்று.
ஃபைலைத் தொடாதே,
பூட்டைத் தேடாதே,
அங்கேயே அழ ஆரம்பிக்காதே.
விசில் கேட்ட இடத்திலேயே பிரேக்கை மிதிப்பவன்
சைதாப்பேட்டை பாலத்தின் நடுவில்
ஐம்பது பேரை ஒருவர்மேல் ஒருவராய்ச் சாய்ப்பான்.
நல்லவேளை, இந்த மொழி
காலைத் தூக்கிய நிலையில் காது கொடுக்காது.
ஒரு அடி வைத்து
அடுத்த அடி எடுக்குமுன்தான் கேட்கும்.
கொடி ஏறட்டும், வரி முடியட்டும்.
பிறகு இறங்கு.

சோதித்துப் பார்க்க இன்னொரு திரையிலிருந்து
பதினைந்தை அனுப்பினேன். வேண்டுமென்றே மூன்று முறை.
அது வேறு வேலையாக இருந்த நொடியில்
மூன்றும் ஒன்றாகிப் போயின.
எத்தனை தடவை தட்டினாய் என்று
கணினி கணக்கு வைப்பதில்லை.
"வேதநாயகி, இரண்டாம் மாடி, மோட்டார் ரிப்பேர்"
கடைசி எழுத்துவரை எழுதிவிட்டு
பூஜ்யம் என்று சொல்லி வெளியேறியது.
இங்கே பூஜ்யம் வாங்கினால் பாஸ்.

போன் கணக்கு வைத்திருந்தது.
சர்வர் அறையில் இருந்தபோது
தப்ரேஸிடமிருந்து நான்கு மிஸ்டு கால்.

கல்லூரிக் காலத்துப் பாஷை,
பேலன்ஸ் பதினொரு ரூபாய் இருந்த நாட்களில் பேசிவைத்தது:
ஒன்று என்றால் ரூமுக்கு வந்துவிட்டேன்.
இரண்டு, கீழே இறங்கி வா.
மூன்று, காசு போனாலும் பரவாயில்லை, கூப்பிடு.
நான்குக்கு நாங்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்காத எண்ணுக்கு
சிஸ்டமே ஒரு பதில் வைத்திருக்கும்.
பெரும்பாலும் அது சாவு.

கை நடுங்க அழைத்தேன்.
எடுத்தான். உயிரோடுதான் இருந்தான்.
தரமணியில் பத்து மணி ஷிப்டுக்குப் போய்
கேட்டில் கார்டைக் காட்டியிருக்கிறான்;
சிவப்பு விளக்கு.
திருப்பிக் காட்டினான், சட்டையில் துடைத்துக் காட்டினான்.
செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்து
"உங்க பேரு இதுல இல்லீங்களே" என்றாராம்.
மெயில் இல்லை, அழைப்பு இல்லை,
ஆறு வருடம்.
"நேத்து வெச்ச டிபன் டப்பா
உள்ளதான்டா இருக்கு" என்றான்,
அதை மட்டும் இரண்டு தடவை.

என்ன சொல்வதென்று தெரியாமல்
"எதுவரைக்கும் எழுதியிருந்த?" என்று கேட்டேன்.
"ஒரு ஃபங்ஷன் பாதியில."
பிறகு இருவரும் பேசவில்லை.

நைட் சர்வீஸ் பஸ்ஸில் இருந்தான் போல.
அவன் மூச்சுக்குப் பின்னால் விசில்.
ஒன்றோடு நின்றுவிடுமோ என்று
காதை அழுத்திக் காத்திருந்தேன்.

இரண்டு.